தூண் மறைத்த இரண்டு இருக்கைகள்

பிரிக்ஃபீல்டு கால்பந்து மைதானத்தின் சாப்பல் தெரு கேலரியைப் பதினொரு இரும்புத் தூண்கள் தாங்கிக்கொண்டிருந்தன. ஏழாவது தூண், ‘எம்’ எழுத்து வரிசையின் 41, 42 இருக்கைகளுக்கு முன்னால், சரியாக இரண்டுக்கும் நடுவே நின்றது. அந்த இரண்டு இருக்கைகளின் சீசன் டிக்கெட்டிலும் ‘பார்வை மறைக்கப்படும்’ என்று சிவப்பில் அச்சிட்டிருப்பார்கள். யாரும் விரும்பி வாங்குவதில்லை. 1991-இல் நெவில் ஓல்ட்ராய்ட் 41-ஐ வாங்கியபோது கேலரியில் காலியாக இருந்தது அது ஒன்றுதான்.

41-இல் உட்கார்ந்தால் வலதுபுறக் கோல் தூணுக்குப் பின்னால் போய்விடும். அதைக் கேஸ் டேங்க் பக்கம் என்போம். 42-இல் உட்கார்ந்தால் இடதுபுறக் கோல், ரயிலடிப் பக்கம், மறைந்துபோகும். தலையை நீட்டி எட்டிப் பார்க்கலாம்தான். பார்த்தால் பின்வரிசையிலிருந்து நாங்கள் திட்டுவோம். ஆகவே அங்கே உட்கார்ந்தவர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. ரயிலடிப் பக்கம் நடப்பதை நெவில் பக்கத்து இருக்கை அம்மாவுக்குச் சொல்வார். கேஸ் டேங்க் பக்கம் நடப்பதை அந்த அம்மா நெவிலுக்குச் சொல்வார். இருபத்திரண்டு ஆண்டுகள் அவர்கள் ஆட்டம் பார்த்தது இப்படித்தான்.

நெவில் பஸ் ஓட்டுநர். எங்கள் கால்டர்ஹூமில் சந்தையிலிருந்து மருத்துவமனை வழியாக மேட்டுக் குடியிருப்பு வரை போகும் பதினான்காம் எண் அவருடையது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வது எங்கள் ஊர் வழக்கம். ஒரு நாளைக்கு முந்நூறு பேர் அவருக்கு நன்றி சொன்னார்கள். அவர் முந்நூறு முறை தலையசைத்தார். மனிதர்களை அவர் பெயரால் அறியவில்லை, நிறுத்தத்தால் அறிந்திருந்தார். நூலக நிறுத்தத்துத் தடிக் கண்ணாடி, சலவைக்கடை நிறுத்தத்து இரட்டையர், இப்படி. அவரைப் பெயர் சொல்லிப் பேசிய ஒரே பயணி லொரெய்ன். பதினொரு ஆண்டுகள் அவருக்கு மனைவியாக இருந்தவர். மருத்துவமனையில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் ஏறி, பாஸைக் காட்டி, இறங்கும்போது “தேங்க்ஸ், நெவில்” என்பார்.

அவர்கள் சண்டை போட்டுப் பிரியவில்லை. “உன்கூட இருக்கிறதும் தனியா இருக்கிறதும் ஒரே மாதிரிதான் இருக்கு நெவில். அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு?” என்று லொரெய்ன் கேட்டாராம். நெவில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரிதான்” என்றாராம். அவர் நல்ல மனிதர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. கெட்டவராக இருப்பதற்கும் ஆள் வேண்டும். அவருக்கு அது வாய்க்கவில்லை.

கேலரியில் மட்டும் அவர் பெயர் கீத்.

முதல் சீசனில் ஒரு நாள் டிப்போவிலிருந்து நேராக ஆட்டத்துக்கு வந்தார். அவருடைய கோட்டுக்கு ஜிப் போயிருந்ததால் வேறொரு ஓட்டுநரின் கோட்டைப் போட்டிருந்தார். மார்பில் நூலால் ‘கீத்’ என்று தைத்திருந்தது. பக்கத்து அம்மா அதைப் படித்துவிட்டு, “சூப்பு குடிக்கிறியா கீத்?” என்று பிளாஸ்க்கைத் திறந்தார். திருத்தியிருக்கலாம். ஆனால் சூடான சூப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, நீங்கள் சொன்ன பெயர் தவறு என்று எப்படிச் சொல்வது? அடுத்த ஆட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். அடுத்த ஆட்டத்தில் சொன்னால், போன ஆட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்றாகும். மூன்றாவது சீசனில் அது முடியாத காரியமாகிவிட்டது. பின்வரிசையில் இருந்த எங்களுக்கும் அவர் கீத்தான்.

அந்த அம்மாவை நெவில் ஜீன் என்று அழைத்தார். ஒருமுறை நடைவழியில் யாரோ “ஜீன்!” என்று கூப்பிட, அவர் திரும்பிக் கையசைத்ததை நெவில் பார்த்திருந்தார். நெவிலைவிடப் பத்து வயது மூத்தவர். பட்டாணிப் பச்சையில் ஒரு தொப்பி. நடுவரைத் திட்டுவதில் கேலரி முழுவதிலும் அவருக்கு நிகர் கிடையாது.

தொடக்கத்தில் நெவிலின் வர்ணனை ஒரு சொல்லில் முடிந்துவிடும்.

“கார்னர்.”

“கார்னரா? அவ்வளவுதானா? பஸ் ஸ்டாப் பேரு சொல்ற மாதிரி சொல்றியே! யாரு அடிக்கப்போறா? மூஞ்சி எப்படி இருக்கு அவனுக்கு?”

“பயந்த மாதிரி இருக்கு.”

“ஆங், இது பேச்சு. மேல சொல்லு.”

நெவில் மேலே சொல்லக் கற்றுக்கொண்டார். நெவிலுக்கு வராத பேச்சு கீத்துக்கு வந்தது. நாளடைவில் எதிரணிக் கோல்கீப்பரின் காலுறை எப்படித் தொங்குகிறது, அவனுக்கு வீட்டில் யார் சமைத்துப்போடுகிறார்கள் என்பது வரை கீத் சொல்வார். பின்வரிசையில் நாங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவரைக் கேட்டுக்கொண்டிருப்போம். அந்த அம்மாவோ வேறு ரகம்.

“என்ன ஆச்சு ஜீன்? ஏன் கத்துறாங்க?”

“இரு கண்ணு, இரு. நம்ம நெட்டைக்காலன் ரெண்டு பேரைத் தாண்டிட்டான். மூணாவது ஆளையும் தாண்டிட்டான். கோல்கீப்பர் மல்லாக்க விழுந்து கெடக்கான். முன்னால ஒரு ஈ காக்கா இல்ல…”

“அப்புறம்?”

“பந்தைக் கொண்டுபோய் சாப்பல் தெரு சர்ச் கூரை மேல வச்சுட்டான், கழுதை!”

இரவு தொலைக்காட்சியில் அதே ஆட்டத்தின் சுருக்கம் வரும். நெட்டைக்காலன் ஒருவரைத்தான் தாண்டியிருப்பான். கோல்கீப்பர் நின்றுகொண்டுதான் இருந்திருப்பார். நெவில் சில காலத்துக்குப் பிறகு அந்தச் சுருக்கத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். தன் ஊர்க் குழு போட்ட கோல்களில் பாதியை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. அதில் குறை இருப்பதாகவும் நினைக்கவில்லை.

பிறகு எங்கள் குழு இரண்டு சீசன்களில் இரண்டு படி ஏறி மேல் பிரிவுக்கு வந்துவிட்டது. சீசன் டிக்கெட் கேட்டு ஒன்பதாயிரம் பேர் வரிசையில் நின்றார்கள். சாப்பல் தெரு கேலரியை இடித்துவிட்டு, மும்மடங்கு பெரிதாக, தூணே இல்லாத ஒன்றைக் கட்டப்போவதாகக் குழு அறிவித்தது. அதன்பின் ஊரில் வேறு பேச்சே இல்லை. பெரிதாக்கலாமா, கூடாதா? மீன் பொரிக்கும் கடையில் அதே பேச்சு, பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டும் அதே பேச்சு. பதினான்காம் எண் பஸ்ஸில் நெவிலின் முதுகுக்குப் பின்னால் காலையிலிருந்து மாலை வரை அதுதான்.

“நூறு வருஷக் கூரைய்யா அது!”

“நூறு வருஷமா ஒழுகுதுய்யா அது!”

“டிரைவர், நீங்க சொல்லுங்க. நீங்களும் போற ஆளுதானே?”

“இறங்கறவங்க மணி அடிங்க” என்பார் நெவில்.

பிப்ரவரியில் மெதடிஸ்ட் சபைக் கூடத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினார்கள். மேசை மேல் வெள்ளை அட்டையில் புதிய கேலரியின் மாதிரி இருந்தது. அதில் குண்டூசித் தலையளவு மனிதர்கள். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். கூரை தாழ்வாக இருப்பதால்தான் சத்தம் எழும்புகிறது, மாற்றினால் எதிரணிக்குப் பயமே போய்விடும் என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஷஃபீக் என்ற டாக்ஸி ஓட்டுநர் எழுந்த பிறகு அது அவ்வளவு நன்றாகக் கேட்கவில்லை.

“நான் ஆறு வருஷமா லிஸ்ட்ல இருக்கேன். எம்பொண்ணு பொறந்ததிலேர்ந்து இந்த ஊரு ஜெர்சிதான் போடுறா. இன்னும் உள்ள வந்ததில்ல. வீட்டு மாடியிலேர்ந்து சத்தத்தைக் கேட்டு யாரு கோல் போட்டாங்கன்னு யூகிக்கிறோம். நீங்க உள்ள உக்காந்துக்கிட்டு பாரம்பரியம் பாரம்பரியம்னு சொல்றீங்க. கதவுக்கு உள்பக்கம் நிக்கிறவனுக்குக் கதவு அழகாத்தான் தெரியும்.”

  அப்போதுதான் நெவில் எழுந்தார். கூட்டத்தில் அவர் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

“அந்தத் தூணு…” என்றார். எல்லோரும் திரும்பினார்கள். “தூணு அவ்வளவு மோசம் இல்ல.”

“அப்ப புடுங்கித் தரச் சொல்றேன், கொண்டுபோய் உங்க தோட்டத்துல நட்டுக்கங்க!” என்றார் ஷஃபீக். கூடமே சிரித்தது. ஷஃபீக்கும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நெவிலும் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார். அவர் சொல்லவந்தது ஒரு வாதமல்ல. ஒன்பதாயிரம் பேர் ஒரு தட்டில் இருக்கும்போது, மறு தட்டில் வைப்பதற்கு ஒரு பிளாஸ்க் சூப்பும் ஒரு பேச்சும்தான் அவரிடம் இருந்தன. எடை போட்டால் எது இறங்கும் என்பது அவருக்கே தெரியும். எடை குறைந்தது என்பதாலேயே ஒன்று இல்லாததாகிவிடுமா என்று கேட்கலாம். மெதடிஸ்ட் கூடத்தில் அதைக் கேட்க முடியாது.

முடிவு எதிர்பார்த்ததுதான். ஏப்ரலில் எல்லோருக்கும் கடிதம் வந்தது. மே மாதம் இடிப்பு. ஒரு சீசன் முழுக்க மற்ற மூன்று பக்கங்களில் கிடைத்த இடம். அதற்கடுத்த ஆகஸ்டில் புதிய கேலரி. அங்கே யார் எங்கே என்பதைக் கணினி தீர்மானிக்கும். சேர்ந்து உட்கார விரும்புகிறவர்கள் ஒரே படிவத்தில், சீசன் டிக்கெட்டில் உள்ளபடி முழுப் பெயர்களையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கடைசி நாள், கடைசி உள்ளூர் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை, மாலை ஆறு மணி.

நெவில் சமையலறை மேசையில் படிவத்தை விரித்து முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். இரண்டாவது கட்டத்தில் ‘ஜீன்’ என்று எழுதிவிட்டு நிறுத்தினார். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. தெருவும் தெரியாது, தொலைபேசி எண்ணும் தெரியாது. அவர் முன் இருந்த கேள்வி எளியது. பெயர் கிடைத்தால் சனிக்கிழமைகள் இருக்கும், கிடைக்காவிட்டால் இருக்காது. முப்பதாயிரம் பேரில் ஒரு பட்டாணிப் பச்சைத் தொப்பியைத் தேடுகிற ஆள் அவரல்ல.

விடுப்பு நாளில் டிக்கெட் அலுவலகம் போனார். கவுண்டரில் டானியெல் என்ற பெண். பள்ளிக்கூடக் காலத்தில் அவர் பஸ்ஸில் போனவள்.

“டிரைவர்! என்ன இந்தப் பக்கம்?”

“பக்கத்து சீட்டுக்காரங்க முழுப்பேரு வேணும்மா. எம் 42.”

“நான் சொல்லக்கூடாது. ரூல்ஸ். நீங்க சொல்லுங்க, சரியா தப்பான்னு மட்டும் சொல்றேன்.”

“ஜீன்.”

டானியெல் தட்டிப் பார்த்தாள். “இல்ல.”

“எம் 42ம்மா.”

“எம் 42தான். அங்க ஜீன்னு யாரும் இல்ல.”

“ஜேனா இருக்குமோ? ஜோன்? அங்க ஒரே சத்தமா இருக்கும்…”

“டிரைவர், ஊர்ல உள்ள பொம்பளைங்க பேரையெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லிப் பாக்க முடியாது. பின்னால வரிசை நிக்குது பாருங்க. எத்தனை வருஷமா பக்கத்துல உக்கார்றீங்க?”

“இருபத்திரண்டு.”

அவள் விரல்கள் நின்றன. “இருங்க. உங்க சீட்டு 41ஆ? போன செவ்வாக்கிழமை ஒரு அம்மா வந்தாங்க. பச்சைத் தொப்பி. பக்கத்து சீட்டுல கீத்னு ஒருத்தர், முழுப்பேரு வேணும்னாங்க. அப்படி யாரும் அங்க இல்லைன்னு அனுப்பிட்டேன். ரொம்ப நேரம் அந்தக் கதவு கிட்டயே நின்னுட்டுப் போனாங்க.” கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவரை உற்றுப் பார்த்தாள். “நீங்கதான் கீத்தா?”

நெவில் சற்று யோசித்தார். “ஆமா” என்றார். “சனிக்கிழமைல.”

அன்று பஸ்ஸில் ஏறாமல் வீடு வரை நடந்தே போனார். தன்னைத் தேடிக்கொண்டு ஒருவர் டிக்கெட் அலுவலகம் வரை போயிருக்கிறார் என்பதை அவர் வாழ்நாளில் முதன்முறையாகக் கேள்விப்பட்டிருந்தார். தேடப்பட்ட ஆள் அவர்தானா என்பதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

கடைசி ஆட்டத்துக்கு அந்த அம்மா முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்.

“சரியா இருக்கியா, கீத்?”

“இருக்கேன், ஜீன்.”

அவ்வளவுதான். அவர் பெயர் ஜீன் இல்லை என்று இவருக்குத் தெரியும். இவர் பெயர் கீத் இல்லை என்று அவருக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பது மற்றவருக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் பாதி முழுவதும் ரயிலடியையும் கேஸ் டேங்க்கையும் பற்றித்தான் பேச்சு. இடைவேளையில் சூப்பு. நெவிலின் உள்பையில் படிவம் இருந்தது. அவர் இரண்டு முறை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெளியே எடுத்தார். இதையெல்லாம் பின்னால் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்று நாங்கள் பார்த்தது வழக்கமான இருவரைத்தான்.

எண்பதாவது நிமிடம் பந்து கேஸ் டேங்க் பக்கம் போனது.

“என்ன நடக்குது, ஜீன்?”

“நம்ம ஆளு உள்ள புகுந்துட்டான். தடியன் ஒருத்தன் காலை விட்டான், எம்பித் தாண்டிட்டான். இப்ப இடதுகாலுக்கு மாத்துறான்… நீ கீத் இல்லையாமே?”

நெவில் அவரைப் பார்த்தார். “இல்ல” என்றார். “நீங்க ஜீன் இல்லையாமே?”

“எந்தக் காலத்திலயும் இல்ல.”

கேலரி வெடித்தது. எல்லோரும் எழுந்து நின்று கத்தினோம். அந்த இருவர் மட்டும் உட்கார்ந்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“யாரு போட்டது?” என்றார் நெவில்.

“யாருக்குத் தெரியும்? உன்னையில்ல பாத்துக்கிட்டு இருந்தேன்!”

நாங்கள் பின்னாலிருந்து சொன்னோம். அவர்கள் காதில் விழவில்லை.

“யாரோ ஜீன்னு கூப்பிட்டப்ப திரும்பிக் கையாட்டினீங்களே? நான் கூப்பிட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

“அது வேற யாருக்கோ ஆட்டியிருப்பேன். மொதத் தடவை நீ கூப்பிட்டப்ப கார்னர் அடிச்சுக்கிட்டிருந்தான். அப்புறம் சொன்னா உனக்குச் சங்கடமாயிருமேன்னு விட்டுட்டேன். நீ ஏன் சொல்லல?”

“எனக்கும் அதேதான்.”

“இருபத்திரண்டு வருஷமாவா? ரெண்டு முட்டாளுங்க!” அவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார். “பெரில். பெரில் கிரிம்ஷா.”

“நெவில் ஓல்ட்ராய்ட்.”

“பெரிலும் நெவிலுமா? இருமல் மருந்துக் கம்பெனி மாதிரி இருக்கே!” என்று என் பக்கத்திலிருந்த ஒருவர் கத்த, வரிசையே சிரித்தது. பெரில் திரும்பி அவரைச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

ஆட்டம் முடிந்ததும் படிவத்தைப் பெரிலின் முழங்கால் மேல் வைத்து நிரப்பினார்கள். தொலைபேசி எண்ணும் எழுத வேண்டியிருந்தது. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டானியெல் அதில் முத்திரை குத்தினாள். நெவில் கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது.

அடுத்த சீசனில் அவர் கேஸ் டேங்க் பக்கம், பெரில் ரயிலடிப் பக்கம். நடுவே கிரேன்கள். அதற்கடுத்த ஆகஸ்டில் புதிய கேலரி திறந்தது. பக்கத்துப் பக்கத்து இருக்கைகள், பின்வரிசையில் மறுபடியும் நாங்கள் சிலர், கணினி சொன்ன சொல் தவறவில்லை. குறை சொல்ல விரும்பியவர்களுக்கு அது ஏமாற்றமாகவே இருந்திருக்கும். மழை உள்ளே வரவில்லை. கழிப்பறைகள் சுத்தம். மூன்று வரிசை கீழே ஷஃபீக், கழுத்தில் குழுவின் வண்ணத் துண்டைச் சுற்றிய மகளோடு. அந்தப் பெண் முதல் ஆட்டம் முழுக்க உட்காரவே இல்லை. எங்கிருந்து பார்த்தாலும் மைதானத்தின் நான்கு மூலையும் தெரிந்தன.

கேஸ் டேங்க் பக்கம் முதல் கோல் விழுந்தபோது நெவிலும் பெரிலும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பெரில் பழக்கத்தில் அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அவரும் காதைக் கொடுத்தார். கோலை இருவருமே பார்த்திருந்தார்கள். இருவரும் திரும்பிப் பெரிய திரையைப் பார்த்தார்கள். அது அந்தக் கோலை இன்னொரு முறை காட்டிக்கொண்டிருந்தது.

அவர்கள் பேசாமல் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. விசாரித்துக்கொண்டார்கள். பெரில் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவர், கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள், இரண்டு மகள்கள். நெவில் பஸ் ஓட்டுநர், விவாகரத்தானவர், குழந்தைகள் இல்லை. இதெல்லாம் மூன்று ஆட்டங்களில் முடிந்துவிட்டது. ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்வதும் அவரோடு இருப்பதும் ஒரே காரியம் என்று நாம் பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். அவரை ‘நெவில்’ என்று அழைத்த பெரில், மருத்துவரின் முன்னறையில் பேசுகிறவர்போலக் கொஞ்சம் கவனமாகப் பேசினார். நடுவரைத் திட்டுவதும் பாதியாகக் குறைந்தது. நெவிலோ, பஸ்ஸில் எப்படி இருந்தாரோ அப்படியே இங்கும் இருந்தார். கீத் எங்கே போனார் என்று பின்வரிசையில் நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டால் சங்கடமாகிவிடும்.

நவம்பரில், இடைவேளையில், பெரில் சொன்னார்.

“தப்பா நெனைக்காதே கண்ணு. கிறிஸ்துமஸோட நான் நின்னுக்கிறேன்.”

“உடம்புக்கு ஏதாவது…?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இங்க உக்காந்தா டிவி பாக்கிற மாதிரியே இருக்கு. டிவி கிட்டன்னா ஹீட்டராவது இருக்கு. இப்பத்தான் பாதி மேட்ச் வீட்லயே வருதே.”

“சரிதான்” என்றார் நெவில். லொரெய்னுக்கும் இதே பதிலைச் சொன்னவர் என்பது அவர் நினைவுக்கு வந்ததா என்று தெரியவில்லை.

ஜனவரியில் அந்த இருக்கைக்கு, காத்திருந்தோர் பட்டியலிலிருந்து ஒரு பல் மருத்துவ உதவியாளர் வந்தார். மரியாதையான இளைஞர். நெவிலுக்குத் தன் பெயரை முதல் நாளே சொன்னார். நெவிலும் தன்னுடையதைச் சொன்னார்.

அந்த மாதம் ஷஃபீக் படியேறும்போது அவரை நிறுத்தினார். “என்ன டிரைவர், அன்னிக்குத் தூணுக்காக எழுந்து நின்னீங்களே. இப்பச் சொல்லுங்க, பெருசாக்கினது தப்பா?”

நெவில் கீழே அந்தப் பெண் துண்டைச் சுழற்றுவதைப் பார்த்தார். “தப்பில்ல” என்றார். “கட்டியிருக்கவேண்டியதுதான்.” அவர் அதை ஒப்புக்குச் சொல்லவில்லை.

மார்ச்சில் ஒரு ஞாயிறு ஆட்டம். எண்பத்தெட்டாவது நிமிடம், கேஸ் டேங்க் பக்கம், ஆட்டத்தின் ஒரே கோல். எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது நெவில் நடைவழியில் இறங்கிப் படிக்கட்டுக்கு அடியில், தின்பண்டக் கடைக்குப் பக்கத்தில் போய் நின்றார். கைபேசியில் பெரிலின் எண் இருந்தது. படிவம் எழுதிய நாளில் பதிந்தது, ஒருமுறைகூட அழைத்ததில்லை. அழைத்தார்.

“ஹலோ?”

“பெரில், கேளுங்க. நம்ம குள்ளன் இருக்கான்ல, அவன் பாதிக் கோட்டுல பந்தை வாங்கினான். எதிர்ல நாலு மாடு மாதிரி நாலு பேரு. ஒருத்தன் சட்டையைப் புடிச்சு இழுத்தான், சட்டை அவன் கையோட போச்சு, இவன் போயிக்கிட்டே இருக்கான். கோல்கீப்பர் மூஞ்சியப் பாக்கணும் நீங்க, வரி கட்ட மறந்தவன் மாதிரி…” மூச்சு விடாமல் சொன்னார்.  கடைக்காரப் பெண் கையில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கோலை முடித்து, வலை கிழிந்ததுவரை சொல்லிவிட்டு நிறுத்தினார்.

“பாத்தேன், நெவில்” என்றார் பெரில், மிகவும் அன்பாக. “நாலு பக்கத்திலேர்ந்தும் காட்டினாங்க.”

“ஓ. ஆமா. காட்டியிருப்பாங்க.”

“நீ இன்னும் அங்கதானே இருக்கே? போய்ப் பாரு. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு.”

“போறேன்.”

இருவரும் வைக்கவில்லை. தலைக்கு மேல் கேலரி பாட ஆரம்பித்தது. சில விநாடிகள் கழித்து அதே பாட்டு, சிறியதாக, பெரிலின் அறையிலிருந்து தொலைபேசி வழியாக வந்தது. நெவில் ஒரு காதில் அதையும் மறு காதில் இதையும் கேட்டுக்கொண்டு நின்றார். நடுவர் கடைசி விசில் ஊதினார். மேலே காலடிகள் இடித்தன. சில விநாடிகள் பின்தங்கி வரும் பெரிலின் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆட்டம் இன்னும் முடிந்திருக்கவில்லை. அங்கேயும் விசில் ஊதும் வரை காத்திருந்துவிட்டு, “சரி, பெரில்” என்று சொல்லி அவர் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார்.